சர்வர் எழுந்துவிட்டது, தரையைத்தான் காணோம்: மேப் ஃபைல்களைச் சரிபார்ப்பது எப்படி

நண்பர்கள் நாலைந்து பேர் விளையாட டிரினிட்டிகோர் அல்லது அசெரோத்கோர் என்கிற திறந்த மூல சர்வர் மென்பொருளை வைத்து ஒரு வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் சர்வர் போட்டிருக்கிறீர்கள். கம்பைல் ஆகிவிட்டது, டேட்டாபேஸ் ஏறிவிட்டது, லாகின் ஆகிறது, கேரக்டரும் உள்ளே போய் நிற்கிறது. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஒரு கோபோல்டு சுவரே இல்லாத மாதிரி உங்கள் மேல் மந்திரம் வீசுகிறது, காவலாளி இடுப்பளவு மண்ணில் புதைந்தபடி நடந்து வருகிறார். லாகைத் திறந்து பார்த்தால் ஒரு எரரும் இல்லை.

புதிதாக வருகிற எல்லோரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்திருக்கிறேன். சர்வர் எழுந்துவிட்டால் மேப் ஃபைல்கள் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்கிறோம், அது தப்பு. கேம் உலகத்தை ஓட்டுகிற வேர்ல்ட்சர்வர் புரோகிராம் தொடங்கும்போது பார்ப்பது ஒவ்வொரு இனமும் பிறக்கிற தொடக்க இடங்களை மட்டும்தான். குள்ளர்களின் பனிப் பள்ளத்தாக்கு, மனிதர்களின் நார்த்ஷயர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில கட்டங்களின் ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் திருப்திப்பட்டு மேலே போய்விடும். நார்த்ரெண்ட் கண்டம் முழுவதும் காணாமல் போயிருந்தாலும் சத்தமே வராது. மிருகங்களுக்குப் பாதை சொல்கிற எம்மேப்ஸ் ஃபோல்டரை அந்தச் சோதனையில் சேர்ப்பதே இல்லை.

இங்கே நான் சொல்வது எல்லாம் 3.3.5ஏ பதிப்புக்கு, அதாவது பில்டு எண் 12340. சர்வர் மென்பொருள் திறந்த மூலம், ஆனால் மேப் டேட்டா கேம் நிறுவனத்துக்குச் சொந்தமானது. அதனால்தான் அது சோர்ஸ் கோடோடு வருவதில்லை, உங்களிடம் இருக்கிற கிளையன்ட்டிலிருந்து, அதாவது விளையாடுகிற கணினியில் இருக்கிற கேமிலிருந்து, நீங்களே பிரித்தெடுக்க (எக்ஸ்ட்ராக்ட் செய்ய) வேண்டியிருக்கிறது. ஃபைல், கமாண்ட் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சின்ன எழுத்து, ஆனால் DataDir, Buildings, Cameras மாதிரி சிலவற்றில் பெரிய எழுத்து உண்டு.

எந்த ஃபோல்டர் என்ன வேலை செய்கிறது

நாலு ஃபோல்டர்கள்: டிபிசி, மேப்ஸ், விமேப்ஸ், எம்மேப்ஸ். டிபிசியில் மந்திரங்கள், இனங்கள், மேப் பட்டியல் மாதிரியான அட்டவணைகள் இருக்கும். இது இல்லாவிட்டால் சர்வர் எழவே எழாது, அதனால் இதில் பிரச்சினை வந்தால் உடனே தெரிந்துவிடும். மேப்ஸில் நிலத்தின் உயரம், தண்ணீர் எங்கே இருக்கிறது, எந்த இடம் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதெல்லாம். விமேப்ஸில் கட்டடம், மரம், பாறை மாதிரி நிலத்தின் மேல் நிற்கிறவை. ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் தெரிகிறாரா, நீங்கள் கூரைக்குக் கீழே இருக்கிறீர்களா என்பதை சர்வர் இதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. எம்மேப்ஸ் என்பது பாதை. ஒரு மிருகம் உங்களைத் துரத்தும்போது மலையைச் சுற்றி வருமா, மலைக்குள் புகுந்து வருமா என்பது இதைப் பொறுத்தது. மிக்கோ மொனோனென் எழுதிய ரீகாஸ்ட், டீடூர் என்கிற திறந்த மூல நூலகங்கள்தான் இந்தப் பாதைக் கணக்கைப் போடுகின்றன.

இப்போது ஒரு முக்கியமான விஷயம், இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். உங்கள் கேரக்டர் நடப்பதை உங்கள் கிளையன்ட்தான் கணக்குப் போடுகிறது, போட்டுவிட்டு "நான் இங்கே இருக்கிறேன்" என்று சர்வரிடம் சொல்கிறது. கிளையன்ட்டிடம் முழு நிலப்பரப்பும் இருப்பதால் நீங்கள் தரையில் ஜம்மென்று நிற்பீர்கள். சர்வர் நகர்த்துகிற என்பிசிகளுக்குத்தான் (ஆட்கள் இயக்காத பாத்திரங்கள், மிருகங்கள்) சர்வரிடம் இருக்கிற மேப் தேவை. ஆகவே "நான் ஊரெல்லாம் சுற்றிப் பார்த்தேன், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்பது சோதனையே இல்லை. ஒரு மிருகத்தைச் சீண்டிவிட்டு ஓடுங்கள், அது எப்படி வருகிறது என்று பாருங்கள், அது சோதனை.

அறிகுறிகளை இப்படிப் படிக்கலாம். தண்ணீருக்குள் முங்கி எவ்வளவு நேரம் இருந்தாலும் மூச்சுப் பட்டை வரவில்லை, அங்கே திரிகிற எல்லா மிருகங்களும் ஒரே மாதிரி மண்ணுக்குக் கீழேயோ காற்றிலோ இருக்கின்றன என்றால் மேப்ஸைச் சந்தேகப்படுங்கள். சுவர் வழியாக அடி விழுகிறது, விடுதி அறைக்குள்ளேயே குதிரை ஏற முடிகிறது, மாடியில் நிற்க வேண்டியவர் கீழ்த்தளத்துக்கு விழுந்துவிடுகிறார் என்றால் விமேப்ஸ். துரத்துகிற மிருகம் நேர்க்கோட்டில் பாறைக்குள் புகுந்து வருகிறது, வேலியைச் சுற்றாமல் வேலிக்குள்ளேயே வருகிறது என்றால் எம்மேப்ஸ்.

முதலில் லாக், அதிலும் தொடக்க வரிகள்

எதையும் அழிக்காதீர்கள், எதையும் திரும்ப எக்ஸ்ட்ராக்ட் செய்யாதீர்கள். முதலில் சர்வரை நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கி, ஆரம்பத்தில் ஓடுகிற வரிகளைப் பொறுமையாகப் படியுங்கள். மேப் ஃபோல்டர்கள் எங்கே இருக்கின்றன என்று சர்வருக்குச் சொல்கிற கான்ஃபிக் அமைப்பு டேட்டாடிர், அது எந்தப் பாதையைப் பயன்படுத்துகிறது என்று ஒரு வரி இருக்கும். விமேப் ஆதரவு இருக்கிறதா, பார்வைக்கோடு, உயரம், உள்ளரங்குச் சோதனை இந்த மூன்றும் 1 ஆக இருக்கின்றனவா 0 ஆக இருக்கின்றனவா என்று இன்னொரு வரி. விமேப்ஸ், எம்மேப்ஸ் ஃபோல்டர்களை எங்கே தேடுகிறது என்பதும் வரும். அந்த மூன்றில் ஒன்று 0 என்றால் உங்கள் ஃபைல்களில் கோளாறே இல்லாமல் இருக்கலாம், கான்ஃபிக்கில் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சர்வர் எழாமலேயே நின்றுவிட்டது என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம், ஏனென்றால் காரணத்தை அதுவே சொல்லிவிடும். 0004331 என்கிற மேப் ஃபைலைக் காணோம் என்று வந்தால், அந்த ஒரு ஃபைல்தான் தொலைந்துவிட்டது என்று அதைத் தேடி அலையாதீர்கள். அது குள்ளர்களின் தொடக்க இடம், சோதனைப் பட்டியலில் முதலில் இருப்பது. முதல் கதவைத் தட்டியவுடனேயே ஆள் இல்லை என்றால் பெரும்பாலும் வீடே அங்கே இல்லை, அதாவது பாதை தப்பு.

டிபிசி ஃபைல்கள் காலாவதியானவை என்று வந்தால் கிளையன்ட் பதிப்பு வேறு. மேப் ஃபைலின் பதிப்பு பொருந்தவில்லை, டிசிஇ00018 என்று தேடிப் பாருங்கள் என்று வந்தால் சர்வரைப் புதுப்பித்துவிட்டு மேப்பைப் பழையதாகவே வைத்திருக்கிறீர்கள். எம்மேப் வரியில் "இது இந்தப் பதிப்பு ஜெனரேட்டரால் செய்தது, எனக்கு வேண்டியது அந்தப் பதிப்பு" என்ற பொருளில் இரண்டு எண்கள் வந்தாலும் அதே கதைதான்.

பாதைக் கோளாறு: பத்தில் ஏழு தடவை இதுதான்

பத்தில் ஏழு என்பது என் அனுபவக் கணக்கு, யாரும் ஆய்வு செய்து சொன்னதில்லை. ஒருமுறை ராத்திரி முழுக்க எம்மேப்ஸை ஓடவிட்டு, காலையில் எழுந்து பார்த்தால் மிருகங்கள் இன்னும் பாறைக்குள்ளேயே நடக்கின்றன. திரும்ப எக்ஸ்ட்ராக்ட் செய்யலாம் என்று கையை வைத்த பிறகுதான் கவனித்தேன், நான் மாற்றியது வேர்ல்ட்சர்வர்.கான்ஃப் இல்லை, பக்கத்தில் இருந்த வேர்ல்ட்சர்வர்.கான்ஃப்.டிஸ்ட். பெயரில் கடைசியில் டிஸ்ட் என்று இருப்பது வெறும் முன்மாதிரி ஃபைல், அதில் செய்கிற மாற்றம் எடுபடாது. அதை நகலெடுத்து, டிஸ்டை வெட்டிவிட்டு, அந்த நகலில்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது, டேட்டாடிர் மதிப்பு வெறும் ஒரு புள்ளியாக இருந்தால் "இப்போது இருக்கிற ஃபோல்டர்" என்று அர்த்தம். சர்வர் புரோகிராம் இருக்கிற ஃபோல்டர் என்று நினைப்போம், அப்படி இல்லை, அதை எங்கிருந்து கிளப்பினீர்களோ அந்த ஃபோல்டர். கையால் அந்த ஃபோல்டருக்குள் போய் ஓட்டினால் வேலை செய்யும், அதையே லினக்ஸில் தானாகத் தொடங்குகிற சிஸ்டம்டி சர்வீஸாகப் போட்டால் மேப்பைக் காணோம் என்று அழும். முழுப் பாதையைக் கொடுத்துவிடுங்கள், தொல்லை தீர்ந்தது. விண்டோஸில் பாதை எழுதும்போது முன்சாய்ந்த கோடு போடுங்கள். மேப்ஸ் ஃபோல்டரின் பாதையைக் கொடுக்கக் கூடாது, அந்த நாலு ஃபோல்டர்களும் உட்கார்ந்திருக்கிற தாய் ஃபோல்டரைத்தான் கொடுக்க வேண்டும். மாற்றிய பிறகு கேமுக்குள்ளிருந்து கான்ஃபிக்கை ரீலோட் செய்தால் போதாது, டேட்டாடிர் அப்படி மாறாது, சர்வரை ரீஸ்டார்ட் செய்துதான் ஆக வேண்டும்.

லினக்ஸில் இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் அங்கே உண்டு, விண்டோஸிலிருந்து கொண்டுவந்த ஃபோல்டரின் முதல் எழுத்து பெரிதாக இருந்தால் சர்வருக்கு அது வேறு ஃபோல்டர். அப்புறம் அனுமதி. ரூட்டாக இருந்து எக்ஸ்ட்ராக்ட் செய்துவிட்டு சர்வரை வேறு யூசரில் ஓட்டினால், ஃபைல் கண்ணெதிரே இருக்கும், சர்வரால் திறக்க முடியாது. அந்த யூசராக மாறி ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள், அரை நிமிட வேலை.

கேமுக்குள் போய்க் கேளுங்கள்

பாதை சரி, லாக் சுத்தம், ஆனாலும் ஒரு இடத்தில் மட்டும் கோளாறு என்றால் ஜிஎம் (கேம் மாஸ்டர், அதாவது நிர்வாகி) கணக்கில் அந்த இடத்துக்கே போய் நின்றுகொண்டு .ஜிபிஎஸ் என்று அடியுங்கள். எக்ஸ், ஒய், இசட் எண்களோடு, கடைசியில் உயரத் தகவல் இருக்கிறதா என்று மேப், விமேப், எம்மேப் மூன்றுக்கும் 1 அல்லது 0 காட்டும். மேப் 0 என்றால் அந்தக் கட்டத்தின் ஃபைலே இல்லை. இந்த ஒரு கமாண்டுக்காகவே அந்த டெவலப்பர்களுக்குக் கோயில் கட்டலாம்.

எந்த ஃபைல் இல்லை என்று கண்டுபிடிக்க ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு மேப்பும் 64க்கு 64 கட்டங்கள், ஒரு கட்டத்தின் பக்கம் 533.33 கெஜம். எக்ஸை 533.33ஆல் வகுத்து, வந்ததை 32இலிருந்து கழியுங்கள், தசமத்தை விட்டுவிடுங்கள், ஒய்க்கும் அப்படியே. நார்த்ஷயரில் எக்ஸ் மைனஸ் 8949.95, ஒய் மைனஸ் 132.49. வகுத்தால் மைனஸ் 16.78, மைனஸ் 0.25. கழித்தால் 48.78, 32.25. ஆக 48, 32. மேப் எண் மூன்று இலக்கம், கிழக்கு ராஜ்ஜியங்களுக்கு 000. சேர்த்து எழுதினால் 0004832, அதுதான் மேப்ஸ் ஃபோல்டரில் இருக்க வேண்டிய ஃபைல். கலிம்டோர் 001, அவுட்லேண்ட் 530, நார்த்ரெண்ட் 571. .ஜிபிஎஸ் தானே ஒரு கட்ட எண்ணைக் காட்டும், அதை அப்படியே ஃபைல் பெயரோடு ஒப்பிடாதீர்கள், அது கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பியிருக்கும், 63இலிருந்து கழித்தால்தான் ஃபைல் எண் வரும்.

எம்மேப் 1 என்று காட்டினால் கொஞ்சம் நிதானியுங்கள். அந்த எண் முழுக் கண்டத்துக்கும் பாதைத் தகவல் ஏறியிருக்கிறதா என்பதைத்தான் சொல்கிறது, நீங்கள் நிற்கிற கட்டத்தை இல்லை. கட்டத்தைப் பார்க்க .எம்மேப் லோக் (.mmap loc) அடியுங்கள், ஏறவில்லை என்றால் கட்டம் ஏறவில்லை என்றே சொல்லும். ஒரு மிருகத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு .எம்மேப் பாத் அடித்தால், அது உங்களிடம் வர எந்த வழியைப் போடுகிறது என்பதைக் காட்டும்.

மூன்றும் 1, ஆனால் ஒரே ஒரு என்பிசி மட்டும் காற்றில் தொங்குகிறார், பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாம் தரையில் இருக்கிறார்கள் என்றால் மேப்பைத் தொடாதீர்கள். டேட்டாபேஸில் அவருடைய இசட் எண் தப்பாக இருக்கிறது, அதைத் திருத்தினால் முடிந்தது. ஒரு கண்டத்தில் அல்லது ஒரு டஞ்சனில் மட்டும் சுவர் வேலை செய்யவில்லை என்றால் வேர்ல்ட் டேட்டாபேஸில் டிசேபிள்ஸ் என்று ஒரு அட்டவணை இருக்கிறது, அதில் வகை எண் 6 விமேப்பையும் 7 எம்மேப்பையும் அணைத்து வைக்கும். அதையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

திரும்ப எக்ஸ்ட்ராக்ட் செய்தே ஆக வேண்டும் என்றால்

இங்கே வரிசைதான் எல்லாம். மூன்று விஷயங்களை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்: கிளையன்ட் 12340தானா, எக்ஸ்ட்ராக்டர்கள் இப்போது ஓடுகிற சர்வரோடு சேர்த்து அதே சோர்ஸிலிருந்து கம்பைல் ஆனவையா, டிஸ்கில் தாராளமாக இடம் இருக்கிறதா. எம்மேப்ஸ் மட்டுமே சில ஜிபி பிடிக்கும். இரண்டாவது விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எங்கிருந்தோ பழைய எக்ஸ்ட்ராக்டரை இறக்கி ஓட்டிவிட்டு, பதிப்பு பொருந்தவில்லை என்று திரும்பவும் தொடக்கத்துக்கே வந்து நிற்பார்கள்.

எக்ஸ்ட்ராக்டர்களை கிளையன்ட் ஃபோல்டருக்குள் போட்டு, முதலில் மேப் எக்ஸ்ட்ராக்டரை ஓட்டுங்கள். டிபிசி, மேப்ஸ், கேமராஸ் ஃபோல்டர்கள் உருவாகும். மொழி எதையும் காணோம் என்று சொல்லி நின்றால், கிளையன்ட்டின் டேட்டா ஃபோல்டருக்குள் மொழி ஃபோல்டர் இல்லை, அல்லது எக்ஸ்ட்ராக்டரைத் தப்பான இடத்தில் வைத்திருக்கிறீர்கள்.

அடுத்து விமேப் எக்ஸ்ட்ராக்டர். இது பில்டிங்ஸ் என்று ஒரு ஃபோல்டரை உண்டாக்கும். ஏற்கெனவே பாதியில் நின்ற பழைய பில்டிங்ஸ் ஃபோல்டர் அங்கே இருந்தால், ஃபோல்டர் அசுத்தமாக இருக்கிறது, காலி ஃபோல்டரைக் கொடு என்று கோபித்துக்கொண்டு நின்றுவிடும். அதை அழித்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். முடிந்ததும் விமேப்ஸ் என்று ஒரு காலி ஃபோல்டரை நீங்களே உண்டாக்கி, விமேப் அசெம்ப்ளரை பில்டிங்ஸ், விமேப்ஸ் இரண்டு பெயரையும் கொடுத்து ஓட்ட வேண்டும். பில்டிங்ஸ் ஃபோல்டர் சர்வருக்குத் தேவையில்லை, அது இடைப்பட்ட சரக்கு. அதையே விமேப்ஸ் என்று பெயர் மாற்றிப் போட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டவர்களும் உண்டு.

கடைசியில் எம்மேப்ஸ் ஜெனரேட்டர். மேப்ஸும் விமேப்ஸும் முழுமையாக முடிந்து பக்கத்திலேயே இருந்தால்தான் இதை ஓட்ட வேண்டும், ஏனென்றால் அவை இரண்டையும் படித்துத்தான் இது பாதையைக் கணக்கிடுகிறது. அரைகுறை விமேப்ஸை வைத்து ஓட்டினாலும் எரர் வராமல் ஓடி முடிக்கும், கட்டடமே இல்லாத உலகத்துக்கு அழகாகப் பாதை போட்டுக் கொடுக்கும். எம்மேப்ஸ் என்ற காலி ஃபோல்டரை முன்னாலேயே உண்டாக்கி வையுங்கள். பல மணி நேரம் ஆகும், படுக்கப் போகும்போது ஓடவிடுவது நல்லது.

நடுவில் மின்சாரம் போனால் பதற வேண்டாம், திரும்ப ஓட்டினால் சரியான பதிப்பில் ஏற்கெனவே முடிந்த கட்டங்களைத் தாண்டிவிட்டு மிச்சத்தைத் தொடரும். ஆனால் ஒரு சிக்கல். முடிந்ததா என்பதை ஃபைலின் தலைப்பகுதியை மட்டும் படித்து முடிவு செய்கிறது, அதனால் பாதி எழுதி நின்ற ஃபைலையும் முடிந்ததாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. திரும்ப ஓட்டுவதற்கு முன்னால் எம்மேப்ஸ் ஃபோல்டரை நேர வரிசையில் அடுக்கி, கடைசியாக எழுதப்பட்ட சில கட்ட ஃபைல்களை அழித்துவிடுங்கள். கோளாறு ஒரு கண்டத்தில் மட்டும்தான் என்றால் ஜெனரேட்டருக்கு அந்த மேப் எண்ணை மட்டும் கொடுக்கலாம், ஆனால் பழைய ஃபைல்களை அழிக்காமல் ஓட்டினால் எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு ஒரு நிமிடத்தில் முடித்துவிடும். ஆகா, எவ்வளவு வேகம் என்று ஏமாந்துவிடாதீர்கள்.

நண்பர் செய்துகொடுத்த புது மேப் பேட்ச் எதையாவது கிளையன்ட்டில் சேர்த்திருக்கிறீர்களா? எக்ஸ்ட்ராக்டருக்குள் கிளையன்ட்டின் டேட்டாவை அடைத்து வைத்திருக்கிற எம்பிக்யூ ஃபைல்களில் எவற்றைத் திறக்க வேண்டும் என்று ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கிறது, அதில் இல்லாத பெயர் என்றால் உங்கள் பேட்ச் அதன் கண்ணில் படாது. கிளையன்ட்டில் புது மலை தெரியும், சர்வருக்கு அங்கே பழைய பள்ளம்தான்.

சர்வருக்குக் கொண்டுபோகும்போது

எக்ஸ்ட்ராக்ட் செய்தது ஒரு கணினி, ஓடுவது இன்னொரு கணினி என்றால் உடைவது பெரும்பாலும் நடுவழியில்தான். ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை எஃப்டிபியில் ஒவ்வொன்றாக ஏற்றினால் நடுவில் நாலைந்து விட்டுப்போகும், எது என்று தெரியாது, ஒரு மாதம் கழித்து யாராவது ஒரு காட்டுக்குள் போகும்போதுதான் தெரியும். நாலு ஃபோல்டர்களையும் ஒரே டார் ஃபைலாகக் கட்டி அனுப்புங்கள், இரண்டு பக்கமும் எஸ்எச்ஏ256 எடுத்து ஒப்பிடுங்கள், ஒரு எழுத்து மாறினாலும் திரும்ப அனுப்புங்கள். பிரித்த பிறகு ஒவ்வொரு ஃபோல்டரிலும் எத்தனை ஃபைல், பூஜ்ய பைட்டில் ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு இடத்திலும் எண்ணிப் பாருங்கள். டிஸ்க் நிறைந்துபோனால் பூஜ்ய பைட் ஃபைல்கள் விளையும்.

சர்வரில் இருக்கிற பழைய ஃபோல்டர்களின் மேலேயே புதியதைக் கொட்டாதீர்கள். பழையதும் புதியதும் கலந்தால் ஒரு கட்டம் வேலை செய்யும், அடுத்த கட்டம் செய்யாது, அந்தக் குழப்பத்தைப் பிரிக்க உங்களால் ஆகாது. சர்வரை நிறுத்திவிட்டு, பழைய ஃபோல்டர்களுக்கு வேறு பெயர் வைத்து ஓரமாகத் தள்ளி, புதியதை அதன் இடத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். இதற்கிடையில் யாருடைய கேரக்டராவது அந்தரத்தில் மாட்டி விழுந்துகொண்டே இருந்தால், சர்வர் கன்சோலில் டெலி நேம் கமாண்டோடு அவர் பெயரும் டாலர் குறி ஒட்டிய ஹோமும் கொடுத்தால் அவருடைய சொந்த விடுதிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்.

தொடங்கியதும் நாலு கண்டத்திலும் கண்டத்துக்கு ஒரு தொலைவான மூலையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போய் .ஜிபிஎஸ், .எம்மேப் லோக் இரண்டையும் அடியுங்கள். அப்புறம் ஒரு மிருகத்தைச் சீண்டிவிட்டு ஒரு வீட்டைச் சுற்றி ஓடுங்கள். அதுவும் வீட்டைச் சுற்றி வந்து கடித்தால், ஓரமாகத் தள்ளி வைத்த பழைய ஃபோல்டர்களை அழித்துவிடலாம்.